கரிசல் மண், உப்புத் தண்ணீர், மேற்கு வெயில்: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்தப் பூச்செடி நிற்கும்?

கேள்வி இதுதான்: பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே புதுவீடு. வீட்டின் முன்னும் மேற்கிலுமாக மூன்று சென்ட் காலி இடம். மர நிழல் இல்லை. மண் கறுப்பு, போர்த் தண்ணீரில் பாத்திரமெல்லாம் வெள்ளை படிகிறது. திருச்சூர் பக்கத்து மண்ணுத்தி நர்சரிகளில் இருந்து வாங்கி வந்த தெச்சி (நம் இட்லிப்பூ), ரோஜா, செம்பருத்தி எல்லாம் இரண்டு கோடையில் பாதிக்கு மேல் போய்விட்டன, தினமும் தண்ணீர் விட்டும். வெயில் தாங்கும் பூச்செடி எது?

"தினமும் தண்ணீர் விட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "விட்டும்" என்பதை "விட்டதால்" என்று மாற்றிப் படித்தால் பாதி விடை கிடைத்துவிடும். உங்கள் பக்கத்தில் செடி வெயிலால் மட்டும் சாவதில்லை. மழை மாதத்தில் வேர் அழுகி, கோடையில் உப்பு ஏறி, எஞ்சிய உயிரைக் காற்று உறிஞ்சி, கடைசியில் பங்குனி வெயில் பழியை ஏற்றுக்கொள்கிறது. அதனால் "வெயில் தாங்குமா" என்ற ஒரு கேள்வியை வைத்துச் செடி வாங்கினால் ஏமாறுவீர்கள். ரோஜாவும் வெயில் தாங்கும். உங்கள் மண்ணையும் தண்ணீரையும் தாங்காது, அவ்வளவுதான்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கேரளத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை என்று பள்ளிக்கூடத்தில் படிப்போம். சித்தூர் தாலுகாவின் கிழக்கு விளிம்புக்கு (ஆந்திரச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்) அதில் பாதிகூட வருவதில்லை. வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் எல்லாம் ரேஷன் கார்டில் கேரளம், மண்ணில் பொள்ளாச்சி மேட்டாங்காடு. கூடவே மலைத்தொடரில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று தள்ளும். மார்கழி, தையில் அதே வாசல் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வரும். இந்த இரண்டாவது காற்றைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வெயில் இதமாக இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்கும் மாதத்தில், இலை வழியாகப் போகும் ஈரம் கூடிவிடுகிறது.

செடி வாங்கும் முன் மூன்று சோதனை செய்யுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஓரிரு நாள் போதும்.

ஒன்று, ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். முழுக்க வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் அங்கே வறட்சிச் செடி எதையும் தரைமட்டத்தில் நடக்கூடாது. கரிசலில் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

இரண்டு, ஓர் அடி ஆழத்து மண்ணை ஒரு பிடி காயவைத்து, அதன் மேல் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. தோண்டும்போது வெள்ளையாகச் சுக்கான்கல் உருண்டைகள் வந்தால் வினிகரே வேண்டாம், கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

மூன்று, தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று (விலை நூற்றுக்கணக்கில்தான்) வாங்கி அளந்து பாருங்கள். 500க்குள் இருந்தால் கவலை இல்லை. 1200ஐத் தாண்டினால் மல்லிகை, ரோஜா, தெச்சிக்கெல்லாம் கஷ்டகாலம். ஒரு கணக்குப் பாருங்கள்: 1500 காட்டும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் உப்பு. செடிக்குத் தினம் 2 லிட்டர் விட்டால் 3 கிராம், நூறு நாளில் 300 கிராம். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது, மேல்மண்ணிலேயே உட்காரும். இலை நுனி தீய்ந்த மாதிரி பழுப்பாவது அதனால்தான். அதைப் பார்த்து வெயில் என்று நினைத்து இன்னும் இரண்டு சொம்பு ஊற்றுகிறோம். வீட்டு ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு விடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். போர்த் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம்.

இனி மண். கரிசல் ஈரத்தில் வீங்கும், காய்ந்தால் பிளக்கும். பிளவு விடும்போது மெல்லிய வேர்களை அறுத்துக்கொண்டே பிளக்கிறது. இதற்கு எல்லோரும் செய்யும் வைத்தியம், இரண்டடிக் குழி தோண்டி அதில் செம்மண், எரு, தேங்காய் நார்க்கழிவு எல்லாம் போட்டு நிரப்பிச் செடி வைப்பது. கரிசலில் செய்யக்கூடிய பெரிய தவறு இதுவே. சுற்றிலும் களி, நடுவில் மட்டும் பொலபொல மண் என்றால், இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) துலாம் மழையும் (வடகிழக்குப் பருவமழை) அந்தக் குழிக்குள் வந்து தேங்கும். வெளியே போக வழியில்லை. நீங்கள் குழி எடுக்கவில்லை, தொட்டி கட்டியிருக்கிறீர்கள். மழை நின்று இரண்டு மாதம் கழித்துச் செடி சாகும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

கீழே போகாமல் மேலே வாருங்கள். நீளம் 20 அடி, அகலம் 4 அடி, உயரம் ஒன்றேகால் அடியில் ஒரு மேட்டுப்பாத்தி போட்டால் சரியாக 100 கன அடி, அதாவது ஒரு யூனிட் மண் பிடிக்கும். அதில் பாதி செம்மண், 20 கன அடி பெருமணல், 15 கன அடி நன்றாக மக்கிய எரு, மீதி 15 கன அடி அங்கேயே கொத்திய கரிசல். எம்-சாண்ட் போடுவதானால் மாவு அலசப்பட்டதாக இருக்கட்டும். மாவோடு போட்டால் சிமெண்ட் பூசியது மாதிரி இறுகும். கொட்டும் முன் அடித்தரையை முக்கால் அடி ஆழம் கடப்பாறையால் கிளறி, முதல் லோடு மண்ணில் கொஞ்சத்தை அதோடு கலந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மண்ணும் சேரும் கோட்டில் வேர் நின்றுவிடும். பாத்தி ஒரு மழையில் இரண்டு மூன்று அங்குலம் அமுங்கும், அதற்குப் பிறகு நடுவது நல்லது. பாத்தியின் இரு பக்கமும் வாய்க்கால் விட்டு, வாசலைவிடத் தாழ்ந்த பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி செய்யுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கத்து நார்க்கழிவு மலிவு என்று மண்ணில் நிறையக் கலக்காதீர்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு உண்டு, ஏற்கெனவே உங்களுக்கு அது உபரி. ஜிப்சம் போடலாமா என்றும் கேட்பீர்கள். சோடியம் அதிகமான மண்ணுக்குத்தான் அது மருந்து, எல்லாக் கறுப்பு மண்ணுக்கும் அல்ல. பஞ்சாயத்துக் கிருஷிபவனில் (வேளாண் அலுவலகம்) மண் மாதிரி கொடுத்துச் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மேற்குச் சுவரோரம் நடும்போது சுவரிலிருந்து இரண்டடி தள்ளுங்கள். ஹாலோ பிளாக் சுவரும் இன்டர்லாக் தரையும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி எட்டு மணிவரை திருப்பிக் கொடுக்கும்.

இப்போது செடிகள்.

மேற்கு எல்லைக்கு முதல் தேர்வு அரளி. உப்பு, சுண்ணாம்பு, காற்று, வறட்சி நான்கையும் ஒரே செடி தாங்குவது அபூர்வம், அரளி தாங்கும். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அதை நடுவது சும்மா அல்ல. ஐந்தடிக்கு ஒன்றாக நட்டால் மூன்றாம் வருடம் காற்றுத்தடுப்பாகவே நிற்கும், பின்னால் இருக்கும் சின்னச் செடிகள் எல்லாம் அதனால் பிழைக்கும். ஆனால் இலை, பூ, பால், குச்சி எல்லாமே நஞ்சு. 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று நிறுத்தியது நினைவிருக்கும். வாயில் எதையும் போடும் வயதில் குழந்தை இருந்தாலோ, வெள்ளாடு எட்டும் வேலி என்றாலோ அரளி வேண்டாம். கவாத்து செய்த குச்சியை எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். மஞ்சள் பூ பூக்கும் பொன்னரளியின் கொட்டை இன்னும் மோசம், வீட்டுத் தோட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

அரளி வேண்டாம் என்றால் அதே வரிசைக்கு மஞ்சள் டெகோமாவும் மயில்கொன்றையும். இரண்டும் சீக்கிரம் வளரும், வருடத்தில் பல மாதம் பூக்கும். டெகோமாவில் பூ முடிந்ததும் நீளக் காய்களை நறுக்கிவிடுங்கள். விட்டால் பூப்பதை நிறுத்தும், விதை பறந்து பக்கத்துத் தோட்டம் முழுக்க முளைக்கும். மயில்கொன்றையை விதையிலிருந்தே எடுக்கலாம். ஓடு கெட்டி, அதனால் ஒரு பக்கம் உப்புத்தாளில் தேய்த்து, வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவையுங்கள். அதற்கு முள் உண்டு, நடைபாதையை ஒட்டி வைக்காதீர்கள்.

காகிதப்பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான நிறக்காரி வேறில்லை, இதைவிட அதிகமாகத் தப்பாக வளர்க்கப்படும் செடியும் வேறில்லை. நாம் பூ என்று சொல்வது நிறம் மாறிய இலை, உள்ளே இருக்கும் வெள்ளைக் குழல்தான் பூ. புதுத்தளிரின் முனையில்தான் பூக்கும், அதுவும் தண்ணீர் குறைந்த சமயத்தில். தினம் தண்ணீரும் யூரியாவும் கொடுத்தால் பத்தடி நீளத்துக்குப் பச்சைச் சாட்டை வீசும், ஒரு பூ வராது. முறை இது: துலாம் மழை முடிந்ததும் கார்த்திகையில் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். புதுத்தளிர் ஒரு சாண் வந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். காலை ஏழு மணிக்கே இலை துவண்டு தெரியும் அன்று, வேர்வரை போகும்படி ஒரே தடவை நிறைய விடுங்கள். மறுபடி துவளும்வரை காத்திருங்கள். இப்படி மூன்று நான்கு சுற்றில் நிறம் வந்துவிடும். தை முதல் சித்திரைவரை விட்டுவிட்டுப் பூக்கும், மழைக்காலத்தில் பெரும்பாலும் இலைதான், அப்போது உரம் போட்டு வற்புறுத்த வேண்டாம். நடும்போது ஒரு எச்சரிக்கை. இதன் சின்ன வேர் கண்ணாடி மாதிரி உடையும். நர்சரியில் இருந்து வரும் பிளாஸ்டிக் கவரை உருவி எடுக்காமல், அடிப்பக்கத்தை வெட்டிவிட்டுக் குழிக்குள் இறக்கி, பிறகு பக்கவாட்டில் கிழித்து எடுங்கள்.

மற்றச் செடிகளுக்கு இதற்கு நேர்மாறு. நர்சரிக் கவரில் இருப்பது பெரும்பாலும் இறுகிய செம்மண் கட்டி. அப்படியே நட்டால் தண்ணீர் கட்டியைச் சுற்றிக்கொண்டு போகும், உள்ளே நுழையாது. பாத்தி ஈரமாக இருக்கும், செடி காயும். கவரோடு பக்கெட் தண்ணீரில் கால் மணி நேரம் முக்கிவைத்து, கவரை எடுத்து, வெளிப்புறத்தில் ஓர் அங்குலத்துக்குக் கட்டியை விரலால் உதிர்த்துவிட்டு நடுங்கள். அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிடலாம்.

ஆவாரையைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, அதனாலேயே யாரும் தோட்டச்செடியாக நினைப்பதில்லை. போகிக்குப் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்ட வேலியோரம் தேடிப் போகும் அதே ஆவாரை, வீட்டு முன்னால் மூன்றடிக்கு ஒன்றாக நட்டு வருடம் ஒரு முறை பாதியாக வெட்டிவிட்டால் அழகான புதராக நிற்கும். ஆடு கடிக்காது. ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. காய்ந்த நெற்றிலிருந்து விதை எடுத்து, கொதித்து இறக்கிய நீரில் போட்டு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, நிற்க வேண்டிய இடத்திலேயே மூன்று மூன்று விதையாகப் போடுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். முதல் கோடை தாண்டினால் பிறகு தண்ணீர் கேட்காது.

இதே ரகத்தில் டிசம்பர் பூ. ஊதா, வெள்ளை, இரண்டும் கலந்த கோடு என மூன்று வகை கிடைக்கும், குச்சி ஒடித்து நட்டாலே வரும், இரண்டடி இடைவெளி போதும். கோடையில் கொஞ்சம் சோர்ந்து நிற்கும், பனிக்காலத்தில் கணக்கு தீர்க்கும். தலையில் வைக்கவும் உதவும். சங்குப்பூ கரிசலில் மகிழ்ச்சியாகப் படரும் கொடி. விதையை ஊறவைத்துக் கம்பிவேலியோரம் போட்டால் போதும், அவரைக் குடும்பம் என்பதால் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

நித்தியகல்யாணிக்கு மலையாளத்தில் சவம்நாறி என்றும் ஒரு பெயர் இருப்பதால், அக்கம்பக்கத்தில் சிலர் வாசலில் வைக்க வேண்டாம் என்பார்கள். பெயரை விட்டுவிட்டுப் பார்த்தால் முழு வெயிலில் வருடம் பூராவும் பூக்கும் செடி அதுபோல் இரண்டு மூன்றுதான். கலப்பின ரகத்தில் பூ பெரிசு, ஆயுசு கம்மி. நாட்டு ரோஸும் வெள்ளையும்தான் நிற்கும். இதைக் கொல்வது மழை: தரையை ஒட்டித் தண்டு கறுத்து, ஒரே நாளில் தொங்கிப்போகும். மேட்டுப்பாத்தியின் ஓரத்தில், ஓர் அடிக்கு ஒன்றாக, காற்றோட்டமாக வைத்தால் அந்த நோய் குறையும். செத்த செடியைப் பிடுங்கித் தூர எறியுங்கள், அதே இடத்தில் அடுத்ததை நடாதீர்கள்.

பத்துமணிப்பூ பாத்தி விளிம்புக்கு. விரல் நீளத் தண்டுகளை ஆறங்குல இடைவெளியில் செருகினால் இருபது நாளில் பூ. தினம் ஆறு மணி நேர வெயில் இல்லாவிட்டால் மொட்டு திறக்காது, உங்களுக்கு அந்தக் குறை வராது. தொட்டியில் வைப்பதானால் பிளாஸ்டிக் வேண்டாம், மேற்குப் பக்கத்தில் தொட்டியின் சுவர் சூடேறி வேரை வேகவைக்கும். மண்தொட்டியோ, தொட்டிக்குள் தொட்டியோ வையுங்கள். கைப்பிடிச் சுவரில் வைக்க அடீனியம் உண்டு. பாதிக்குப் பாதி பெருமணல் கலந்த மண்ணில், மழை படாத இடத்தில் வைத்தால் அதற்கு வேறு கவனிப்பு வேண்டாம். அதன் பாலும் நஞ்சுதான்.

விதை போட்டு எடுக்கும் பருவப்பூக்களில் கோடைக்கு வாடாமல்லி, கோழிக்கொண்டை. செண்டுமல்லியைக் கோடையில் முயல வேண்டாம், பூ சுருங்கிப் பொத்தான் அளவுக்கு வரும். அதை ஓணத்துக்குக் குறி வையுங்கள். நாற்று ஒரு மாதம், நட்ட பின் பூவுக்கு இரண்டு மாதம். திருவோண நாளிலிருந்து பின்னோக்கித் தொண்ணூறு நாள் எண்ணி, இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொண்டு விதை போடுங்கள். நட்ட முப்பதாம் நாள் நடுக்குருத்தைக் கிள்ளினால் பக்கக்கிளை பெருகும், ஆடிக்காற்றுக்கும் சாயாது. ஓணத்து அத்தப்பூக் கோலத்துக்குப் பூ வாங்கும் செலவு மிச்சம்.

இப்போது நீங்கள் இழந்த செடிகள். தெச்சி பாலக்காட்டுக்கு மேற்கே, செம்பாறை மண்ணில், வேலி முழுக்கக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். அதைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பீர்கள். அந்த மண் புளிப்பு, உங்கள் மண் சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இதுதான். அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம் கரைத்து, பொழுது சாயும்போது பத்து நாளைக்கு ஒரு முறை மூன்று தடவை தெளித்தால் தளிர் தேறும். அன்னபேதியை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைப் பிடித்து முடக்கிவிடும், பலன் இல்லை. ஆனால் வருடம் முழுக்க ஊசி போட்டு ஒரு செடியை வைத்திருக்க வேண்டுமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. ஆசை விடாவிட்டால் ஒரே ஒரு தெச்சியை மண்தொட்டியில் வைத்து, மாடியில் பிடித்த மழைத்தண்ணீரை விடுங்கள்.

குண்டுமல்லிக்கும் இதே மஞ்சள் நோய் வரும், ஆனால் அது முயற்சிக்குத் தகும். மேட்டுப்பாத்தியில், காற்றுத்தடுப்புக்குக் கிழக்கே வையுங்கள். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடியில் மொத்தமாக வெட்டி, இலையை உருவி, எரு வைத்தால் மாசியில் மொட்டு தொடங்கும். கனகாம்பரம் மேற்கு வெயிலில் தீய்ந்துபோகும். வீட்டின் கிழக்குப் பக்கம், மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடம் இருந்தால் மட்டும். அதன் வேரில் நூற்புழு ஏறுவதால் நடும் குழியில் இரண்டு பிடி வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். செம்பருத்தி சாகவில்லை என்றால் விட்டுவையுங்கள், புதிதாக வாங்காதீர்கள். தண்ணீர் அதிகம் கேட்கும், வறட்சியில் வாடிய உடனே மாவுப்பூச்சி முதலில் தேடி வருவது அதைத்தான்.

நர்சரியில் நிறம்நிறமாக இருக்கிறதே என்று உன்னிச்செடி வாங்கிவர வேண்டாம். வெயிலைத் தாங்கும், உண்மை. காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கியதும் அதுவே.

நடும் காலம். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் ஆடிப்பட்டம் என்று மனம் போகும். கணவாய்க்கு நேரே இருக்கும் இடத்தில் ஆடியில் புதர்ச்செடி நட்டால் காற்று ஆட்டி ஆட்டி வேர் பிடிக்காமல் செய்யும். ஆவாரை, சங்குப்பூ மாதிரி விதை போடுபவை ஆனி, ஆடியில் சரி. புதர்ச்செடிகளைப் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் நடுங்கள். துலாம் மழை வேரை இறக்கும், கோடைக்கு முன் நான்கு மாதம் கிடைக்கும். நிழல்வலைக்குக் கீழே வளர்ந்து வந்த நாற்று என்றால் வாங்கியதும் நடாமல் பத்து நாள் பழக்குங்கள்: முதல் மூன்று நாள் காலை வெயில் மட்டும், பிறகு மதியம்வரை, பிறகு முழு நாள். மூன்றடிச் செடியைவிட ஓர் அடிச் செடி வாங்குவதே லாபம். இரண்டு வருடத்தில் சின்னது பெரியதைத் தாண்டிவிடும்.

தண்ணீர் விடுவதைப் படிப்படியாக நீட்டுங்கள். முதல் மாதம் செடி ஒன்றுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை 5 லிட்டர். மூன்றாம் மாதத்துக்குள் வாரம் ஒரு முறை 10 லிட்டர். அடுத்த வருடக் கோடையில் அரளி, டெகோமா, காகிதப்பூ, மயில்கொன்றைக்குப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை 20 லிட்டர் போதும். தினம் கொஞ்சம் விட்டால் மேல் இரண்டங்குலம் மட்டும் நனையும், வேரும் அங்கேயே தங்கும், அந்த இரண்டங்குலம்தான் மதியம் அடுப்பாகும். மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்குவதைப் பார்த்து ஓடாதீர்கள், அது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. காலையில் தொங்கினால்தான் தாகம். சொட்டுநீர் போட்டால் செடிக்கு இரண்டு டிரிப்பர், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி. உங்கள் தண்ணீரில் டிரிப்பர் அடைக்கும், மாதம் ஒரு முறை குழாய் முனையைத் திறந்து விட்டுக் கழுவுங்கள். இலை மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், வெள்ளைப் புள்ளி படியும்.

மூடாக்குக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. தேங்காய் மட்டையைப் பாத்தியில் பதித்து, மேலே மூன்றங்குலத்துக்குக் காய்ந்த இலை, தென்னோலைத் துண்டு. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் மழையில் அழுகல், கோடையில் கரையான். மூடாக்கு இருந்தால் பிளவு விடாது, வேர் அறுபடாது. கரிசலில் அதன் பெரிய பயன் இதுதான்.

உரம் பற்றி இரண்டு வரி போதும். வருடத்துக்கு இரண்டு முறை, புதருக்கு ஒரு கூடை மக்கிய எரு. அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் மற்ற மண்ணுக்கு நல்லதாக இருக்கலாம். சுண்ணாம்பு மண்ணில் சாம்பல் கெடுதல், முட்டை ஓடு வீண்.

மூன்று சென்ட்டுக்கு எண்ணிக்கையாகக் கேட்டால்: மேற்கு வேலியில் ஆறு அரளி அல்லது டெகோமா. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதப்பூ, ஒன்றே போதும். அதற்கும் வீட்டுக்கும் நடுவே மேட்டுப்பாத்தி ஒன்று: நடுவில் மூன்று ஆவாரை, இரண்டு குண்டுமல்லி, நான்கு டிசம்பர் பூ. விளிம்பில் நித்தியகல்யாணியும் பத்துமணிப்பூவும். வடமேற்கு மூலையில், செப்டிக் டேங்க்கிலிருந்தும் அஸ்திவாரத்திலிருந்தும் பதினைந்தடி தள்ளி ஒரு சரக்கொன்றை. விதையிலிருந்து பூவுக்குச் சில வருடம் பிடிக்கும். பூக்கும் வயது வந்த பிறகு மாசி, பங்குனியில் அதற்குத் தண்ணீர் விடாதீர்கள். இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்பதைப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று யாராவது வெட்டக் கிளம்புவார்கள். விஷுக்கணிக்குக் கொன்றைப்பூ வேண்டுமானால் அந்த ஆளைத் தடுத்து வையுங்கள்.